காற்று பெரட்டுக்கு வரவில்லை

எங்கள் தோட்டத்தில் மேலே போக இரண்டே வழிதான். ஒன்று, தேயிலை மலையில் குளவி கொட்டிப் போவது. இரண்டாவதைத் திறந்துவைத்தவன் நான்.

பெயர் செல்லசாமி. இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஃபேக்டரியில் ஃபிட்டர். வயது நாற்பத்திரண்டு. எடை எண்பத்தாறு கிலோ. என் முதுகில் ஏறும் என்ஜின் இருபத்தாறு கிலோ. இந்த இரண்டு பாரத்தையும் ஒரு துணி ஆகாயத்துக்குத் தூக்கிப்போகும் என்று சொன்னபோது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தரும் நம்பவில்லை. நானே பாதிதான் நம்பினேன்.

கட்டாரில் ஆறு வருஷம் ஒரு பறக்கும் கிளப்பில் என்ஜின் பழுதுபார்த்தேன். பாராமோட்டர் என்பார்கள். முதுகில் சுமக்கிற என்ஜின், அதன் பின்னால் சுழலும் விசிறி, விசிறியைச் சுற்றிக் கம்பிக்கூடு, தலைக்கு மேலே விரிகிற துணிச் சிறகு. ஓடிக்கொண்டே சிறகை எழுப்பிக் கையிலுள்ள விசையை அழுத்தினால் கால் தரையை விட்டுவிடும். பாலைவனத்தில், ஒரு பயிற்சியாளரிடம் முறையாகப் பழகினேன். ஊருக்குத் திரும்பும்போது கூட வந்தவர்கள் பெரிய டீவி கொண்டுவந்தார்கள். நான் கிளப் கழித்துப்போட்ட என்ஜின் ஒன்றைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தேன். சிறகும் அவசர பாராசூட்டும் மட்டும் புதிது. அந்த இரண்டையும் பழசாக வாங்குவதில்லை என்று பயிற்சியாளர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

என் மனைவி ஜீவராணி பெட்டியைத் திறந்தாள். வெகுநேரம் விசிறியையே பார்த்தாள்.

"இந்தக் குளிருல, ஒரு ஃபேனுக்கா ஆறு வருஷம் காத்துக்கிட்டு இருந்தேன்?"

பறப்பதற்கான அனுமதிக் கடிதம் கொழும்பிலிருந்து வர எட்டு மாதம் ஆனது. அடுத்து இடம் வேண்டும். மலைநாட்டில் சமதரை என்பது அபூர்வம். எங்களுக்கு இருந்தது தோட்டத்துப் பந்து மைதானம் மட்டும்தான், அதுவும் தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் பங்களாவுக்கு நேர் கீழே. கேட்டேன். துரை என்னை மேலிருந்து கீழ்வரை, குறிப்பாக நடுவில், பார்த்துச் சிரித்துவிட்டுச் சரி என்றார். இவன் எங்கே பறக்கப்போகிறான் என்ற அந்தச் சிரிப்பில்தான் அனுமதி கிடைத்தது என்பது பிறகு விளங்கியது.

முதல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. என்ஜின் நன்றாக இருந்தது, சிறகு அழகாக எழுந்தது, நான் ஓடினேன். எதிரே ஜீவராணி கையிரண்டையும் விரித்துக்கொண்டு, கடைசி பஸ்ஸை மறிப்பதுபோல ஓடிவந்தாள். நிறுத்தும் பட்டனை அழுத்தினேன். அவள் முகத்தையே பார்த்தேன். அவள் என் தொடையைப் பார்த்தாள். கால் வார் இரண்டும் மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

கால் வார் இல்லாமல் மேலே போனால் என்ன ஆகும் என்பதை அலங்காரமில்லாமல் சொல்கிறேன். சிறகு மேலே போகும். இருக்கை மேலே போகும். நாம் நழுவிக் கீழே வருவோம். எத்தனை வருஷம் பழகியவனையும் இது கொன்றிருக்கிறது. என்ஜினில் ஒரு திருகாணி தளர்ந்தாலும் காதாலேயே கண்டுபிடிக்கிற நான், என் தொடையை மறந்துவிட்டேன்.

ஜீவராணி திட்டவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுவந்தாள்.

"இனி நாந்தான் பெரட்டு கூப்புடுவேன்" என்றாள்.

பெரட்டு என்றால், விடிந்ததும் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. பேர் விழுந்தால் அன்றைக்கு வேலை, விழாவிட்டால் வீடு. ஒரு நாள் சம்பளத்தையே நாங்கள் 'ஒரு பேர்' என்றுதான் சொல்லுவோம். கொழுந்து குறைந்தாலோ வேலை நடுவில் மலையை விட்டு இறங்கினாலோ அரைப் பேர். பதினெட்டு வருஷமாக அந்த வரிசையில் நின்று "இருக்கேங்க" சொன்னவள் ஜீவராணி. ஒரே ஒரு நாள், மகளுக்குக் காய்ச்சல் என்று ஐந்து நிமிஷம் பிந்திப் போனாள். அன்றைக்கு நம் பெரிய துரையே நேரில் நின்றிருந்தார். "பெரட்டு முடிஞ்சா முடிஞ்சதுதான். நாளைக்கு நேரத்தோட வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வாக்கியத்தை அவள் உப்புப் போட்டு ஊறவைத்திருந்தாள்.

ஆக, ஞாயிறுதோறும் என் சாமான்களுக்குப் பெரட்டு நடந்தது. ஹெல்மெட் என்பாள். தொட்டுக் காட்டி இருக்குங்க என்பேன். இடது கால் வார், வலது கால் வார், மார்பு வார், கொக்கி இரண்டு, சிறகின் நூல்கள் சிக்கில்லாமல், அவசர பாராசூட்டின் ஊசி, விசிறியில் கீறல் இல்லை, பெற்றோல், நிறுத்தும் பட்டன். வாயால் மட்டும் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள், கை பட வேண்டும். கடைசிப் பேர் காற்று. அதற்கு நான் பதில் சொல்ல முடியாது. மைதானத்து ஓரத்தில் கம்பு நட்டு, பழைய சேலைக் கிழிசல் ஒன்றைக் கட்டியிருந்தாள். அது ஒரே பக்கம் மெல்ல ஆடினால் காற்று வந்துவிட்டது என்று கோடு போடுவாள். இங்கும் அங்கும் திரும்பினால் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்ப்பாள். பிறகு கொப்பியை மூடிவிடுவாள். மூடினால் மூடினதுதான். நான் இருபத்தாறு கிலோவையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பேன். பிள்ளைகள் ஒப்பாரி வைத்துக்கொண்டு பின்னால் வருவார்கள்.

அப்படியும் ஒரு வருஷத்தில் பத்தொன்பது தடவை பறந்தேன்.

இந்த மாசியில் பங்களா ஹோட்டலானது. துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். அங்கே எங்களுக்கு நாற்காலி இல்லை, ஆகவே நின்றபடி கேட்டேன். சனிக்கிழமை கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் விருந்தாட்கள் வருகிறார்களாம். இரண்டு மணிக்கு நான் ஹோட்டல் பேர் எழுதின பேனரைக் கட்டிக்கொண்டு அவர்கள் தலைக்கு மேலே இரண்டு சுற்று வரவேண்டுமாம்.

"முடியாதுன்னா கிரவுண்ட மறந்திடு. ஃபேக்டரியிலயும் ஆள் கூடுதலாத்தான் இருக்கு" என்றார்.

நான் சரிங்க துரை என்றேன். இதில் என் குற்றம் கொஞ்சம்தான். நான்கு தலைமுறையாக அந்தச் சொல் எங்கள் வாயில் பால் பல்லோடு முளைக்கிறது. பல் விழுந்தாலும் அது விழுவதில்லை.

பள்ளிக்கூட அதிபர் சிவரூபன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். என் ஆங்கிலக் கையேட்டை வரிவரியாகத் தமிழில் சொல்லித் தந்தவர். கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார். "செல்லசாமி, மத்தியானத்துக் காத்தைப் பற்றிப் புத்தகத்தில என்ன கிடக்கு எண்டு நீங்களே எனக்குச் சொல்லுங்கோ பாப்பம்" என்றார்.

தெரியாமலா? விடியற்காலையில் காற்று தூங்கும். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, காற்று கட்டிகட்டியாக எழும்பும். மேட்டைத் தாண்டி வருகிற காற்று, மைதானத்து ஓரச் சவுக்கு மரங்களில் மோதி, கல்லில் விழுந்த அருவி மாதிரி இந்தப் பக்கம் புரளும். அந்தப் புரளலில் சிறகு மடிந்தால், தாழ்வாகப் பறக்கிறவனுக்கு அவசர பாராசூட் விரியவே உயரம் போதாது. போதாததற்கு ஒரு பேனர். கீழே, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மனிதர்கள். எல்லாம் தெரிந்துதான் சரிங்க என்றேன். மைதானம் போனால் பறப்பது போச்சு, வேலை போனால் சோறு போச்சு. கழுத்து ஒன்றுதான் மிச்சம், அதைப் பணயம் வைக்கலாம் என்று கணக்குப் போட்டது என் மூளை. ஜீவராணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே ரொட்டி தட்டினாள்.

சனிக்கிழமை இரண்டு மணி. புல்வெளியில் குடை விரித்த மேசைகள். நான் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, கட்டிப்போட்ட ஆமைபோல நின்றேன். சிறகு பின்னால் விரிந்து கிடந்தது. கம்பத்துச் சேலைக் கிழிசல் ஒரு நிமிஷத்துக்குள் மூன்று பக்கம் திரும்பியது. துரை கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

அப்போது மலையிலிருந்து ஜீவராணி இறங்கி வந்தாள். இடுப்பில் செடி கிழிக்காமல் கட்டும் படங்குச் சாக்கு, தோளில் கொழுந்துக் கூடை. வேலை நேரம். இறங்கினால் அரைப் பேர்தான் என்று தெரிந்தே இறங்கியிருந்தாள். கூடையை என் பக்கத்தில் வைத்தாள். அதற்குள்ளிருந்து கொப்பியை எடுத்தாள்.

"ஹெல்மெட்" என்றாள், பெரட்டில் பேர் கூப்பிடும் கங்காணியின் குரலில்.

"இருக்குங்க."

விருந்தாட்கள் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து எழுந்து வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் போனில் படம் பிடித்தாள். ஒவ்வொரு பேருக்கும் நான் தொட்டுக் காட்டினேன், ஒவ்வொரு கோட்டுக்கும் அவர்கள் கை தட்டினார்கள். கால் வாருக்கு இரட்டைக் கைதட்டு. என் தொடைக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே மரியாதை அது.

"காத்து."

கிழிசல் சுழன்றது.

"காத்து."

என் முதுகுக்குப் பின்னால் சிறகின் ஒரு நுனி தானாக எழும்பி விழுந்தது.

"காத்து... வரல." கொப்பியை மூடினாள். "பெரட்டு கலைஞ்சிருச்சு."

துரை பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். விருந்தாட்கள் பார்க்கிறார்களே. ஐந்து நிமிஷம் பார்க்கலாம், காற்று நிற்கும் என்றார் ஜீவராணியிடம். அவள் படங்குச் சாக்கை இழுத்துக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரட்டு முடிஞ்சா முடிஞ்சதுதாங்க தொர. நீங்க சொன்னதுதான்."

துரை அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு செல்லசாமி. ஆம்பள நீ சொல்லு."

என் வாய் திறந்தது. அந்தப் பழைய சொல் நாக்கின் நுனி வரை வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படத் தயாராக நின்றது. என் பக்கத்தில் கொழுந்துக் கூடை இருந்தது, பாதி நிரம்பாமல்.

"பறக்க மாட்டேங்க" என்றேன். சத்தம் கொஞ்சம் கீச்சென்று வந்தது, மறைப்பானேன். ஆனால் வந்தது.

சொல்லிவிட்டு விறுக்கென்று திரும்பிப் போயிருந்தால் கம்பீரமாக இருந்திருக்கும். இருபத்தாறு கிலோவும் மூன்று வாரும் மாட்டியவன் விறுக்கென்று எங்கே போவது? முதலில் சிறகைக் கழற்ற வேண்டும், பிறகு மார்பு, பிறகு கால், பிறகு என்ஜினை ஆடாமல் தரையில் உட்காரவைக்க வேண்டும். பத்து நிமிஷம், அத்தனை பேர் முன்னால், நான் கொஞ்சம் கொஞ்சமாகத் துரையை எதிர்த்தேன்.

நான் கதை கட்டுகிறவனாக இருந்தால் அந்த நேரம் ஒரு பேய்க்காற்றை வரவழைத்துக் குடைகளையெல்லாம் பறக்கவிட்டிருப்பேன். நடந்தது வேறு. கடைசி வாரைக் கழற்றியபோது காற்று நின்றேவிட்டது. கிழிசல் சாதுவாகத் தொங்கியது. வெயில்கூட அழகாக அடித்தது. துரை கம்பத்தைச் சுட்டிக்காட்டி, இப்போ என்ன சொல்கிறாய் என்றார். பறந்திருக்கலாமோ? அந்த மாதிரி நின்ற காற்று அடுத்த நிமிஷமே புரளும் என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் புத்தகம் எனக்குத் துணைக்கு வந்து நிற்கவில்லை. ஜீவராணிதான் நின்றாள்.

"வந்திருச்சுங்களா? பிந்தித்தானே வந்திருக்கு" என்றாள். "நாளைக்கு நேரத்தோட வரச் சொல்லுங்க தொர."

கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறினாள்.

அன்று மாலையே மைதானத்துக்குப் பூட்டு. 'பறக்கும் பொருட்களுக்கு அனுமதி இல்லை' என்று மூன்று மொழியிலும் பலகை. காகங்களுக்கு மூன்றுமே தெரியாததால் அவை வழக்கம்போல வந்துபோயின. ஜீவராணிக்கு அரைப் பேர். என் ஃபேக்டரி வேலைக்கு ஒன்றும் வரவில்லை. கொழுந்து அரைக்கிற மெஷின் ஒன்று, என் கை பட்டால்தான் ஓடும் என்று அடம்பிடிப்பது. அதற்கு நன்றி.

இரவு பெட்டியைக் கட்டி மூலையில் வைத்தேன். சிவரூபன் சேர் வாசலில் வந்து நின்றார். மேசையில் ஒரு சாவியை வைத்தார்.

"பள்ளிக்கூடக் கிரவுண்ட் தோட்டத்தின்ர இல்லை, அரசாங்கத்தின்ர. திறப்பு என்னட்டத்தான் இருக்கு. கோட்டக் கல்விக் கந்தோருக்கும் கடிதம் குடுத்திட்டன்" என்றார். பிறகு என் வயிற்றைப் பார்த்து, "நீளம் காணாது. கொஞ்சம் வேகமா ஓட வேணும்" என்றார்.

மூன்று வாரம் ஃபேக்டரிப் படிகளில் ஏறி இறங்கி ஓடினேன். பெற்றோலைப் பாதியாகக் குறைத்தேன். மலைநாட்டுக் காற்றுக்கு அடர்த்தி குறைவு, ஆகவே ஓட்டம் நீளும். சிவரூபன் சேரும் நானும் மைதானத்தை அடியளந்து, எந்த இடத்துக்குள் கால் எழும்பாவிட்டால் நிறுத்த வேண்டும் என்று சுண்ணாம்புக் கோடு போட்டோம். கொப்பியில் இரண்டு புதுப் பேர்: கோடு, கரண்ட் கம்பி.

நாலாவது ஞாயிறு விடிந்தபோது மைதானத்து ஓரத்தில் கொழுந்தெடுக்கிற பெண்கள் முப்பது பேர் இருப்பார்கள். விடுமுறை நாள். யாரும் கூப்பிடவில்லை. பழக்கதோஷம், வரிசையாகத்தான் நின்றார்கள். ஜீவராணி கொப்பியைத் திறந்தாள். ஹெல்மெட், வார், கொக்கி, நூல், ஊசி, கம்பி இடது பக்கம், கோடு நேரே.

"காத்து" என்றாள்.

கிழிசல் என் முகத்தை நோக்கி மெல்ல நீண்டு, அப்படியே நின்றது. பதில் வரிசையிலிருந்து வந்தது, முப்பது குரலில்.

"இருக்குங்க!"

ஓடினேன். கோட்டுக்கு நான்கு எட்டு முன்னால் கால் காற்றில் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு விஷயம் இன்னும் தெரியவில்லை. லயங்கள் கீழே போயின, ஃபேக்டரி கீழே போனது. பங்களாவின் தலைக்கு மேலே நான் போகவில்லை. ஆட்களின் தலைக்கு மேலே போவது முறையில்லை, துரையும் ஆள்தான். தள்ளிச் சுற்றி வந்து பார்த்தேன். முன்பக்கம் மட்டும்தான் வர்ணம். கூரையின் பின்பக்கத் தகரம் எங்கள் லயத்துத் தகரம் மாதிரியேதான் துருப்பிடித்திருந்தது. முற்றத்தில் ஒருவர் கோப்பையோடு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். நான் கை காட்டினேன். அவர் காட்டவில்லை. பரவாயில்லை, அடுத்த ஞாயிறும் வருவேன்.

இறங்கும்போது மைதானம் நினைத்ததைவிடக் குட்டையாகிவிட்டது. காலுக்கு முன்னால் முட்டி தரையைத் தொட்டது, முட்டிக்குப் பிறகு மூக்கு. வரிசை முழுக்கச் சிரிப்பு. ஜீவராணி ஓடிவந்து, முதலில் என் கழுத்தைத் தடவிப் பார்த்தாள், பிறகு விசிறியைப் பார்த்தாள். பிறகு கொப்பியைத் திறந்து பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டாள்.

"முட்டியில எறங்குனதுக்கு அரைப் பேர்தான்."

நான் வழக்காடவில்லை. அந்தச் சனிக்கிழமை அவளுக்கு விழுந்த அரையோடு இதைச் சேர்த்தால், எங்கள் வீட்டுக்கு ஒரு முழுப் பேர்.