கர்த்தர் இதைச் செய்யும்வரை

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போன ரத்தினபாய் ஒற்றைச் செருப்போடு தாம்பரத்து வீட்டுக்குத் திரும்பினாள். இடதுகாலில் செருப்பு இல்லாததைக் கணவர் ஞானையா சொல்லித்தான் குனிந்து பார்த்தாள். ஸ்டேஷனிலிருந்து தார் ரோட்டு வெயிலில் நடந்த பாதம் சிவந்திருந்தது, சுட்டதே தெரியவில்லை. கொஞ்ச நாளாகவே பஞ்சின்மேல் நடப்பதுபோல இருந்தது. அடுப்பை அணைத்தோமா, பூட்டைப் பூட்டினோமா என்ற குழப்பம் வேறு.

ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டரம்மா நிமிர்ந்தார். "பி டுவெல்வ் ரொம்பக் கம்மிம்மா. நரம்புக்கும் ஞாபகத்துக்கும் அதான் ஆதாரம். கறி, மீன், முட்டை, பால்லதான் கிடைக்கும். எதுவுமே சாப்பிட மாட்டீங்களா?"

"ஆறு வருஷமா டீகூட பால் இல்லாமதான் டாக்டர். பொருத்தனையாம்," என்றார் ஞானையா.

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

ரத்தினபாய் வாயைத் திறந்தாள். என்ன வேண்டிக்கொண்டோம் என்பதே ஞாபகத்தில் இல்லை. நிறைவேறும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சொல்லாமலே வைத்திருந்ததால், கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வேதாகமத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். டீச்சராக இருந்து பழகிய குண்டுக் கையெழுத்து. '9.6.2019, ஞாயிறு. இன்றுமுதல் கறி, மீன், முட்டை, பால், தயிர் தொடமாட்டேன், கர்த்தர் இதைச் செய்யும்வரை.' தேதி, கிழமை, தயிர் உட்பட எல்லாம் எழுதியவள், 'இதை' எதுவென்று எழுதவில்லை. அன்று அது மறக்கக்கூடிய விஷயமாகவா இருந்திருக்கும்?

மகள் ஜெரூஷாவுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. இவருக்கு ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. அதுதான் என்றால் வேண்டுதல் என்றோ முடிந்துவிட்டது. அது இல்லையென்றால், ஒரு வாய்ப் பாலில் யாருக்கு என்ன ஆகும்?

"எனக்காகத்தான் இருக்கும் ரத்தினம். நான்தான் பொழச்சு வந்துட்டேனே."

"உங்களுக்காக நான் தயிரை விட்டிருப்பேனா?"

எழுதிக் கொடுத்திருந்த பி டுவெல்வ் ஊசியை எதிலிருந்து செய்கிறார்கள் என்று டாக்டரம்மாவிடம் மறுபடி போய்க் கேட்டாள். கிருமியிலிருந்து என்றார். கிருமி பட்டியலில் இல்லை, போட்டுக்கொண்டாள்.

"ஞாபகம் திரும்புமா?"

"கொஞ்சம் கொஞ்சமா வரலாம்மா. எல்லாமே வரும்னு சொல்ல முடியாது."

நான்காவது ஊசி போட்ட மறுநாள் காலை, இடது பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. பார்த்தாள், எறும்பு இல்லை. தரையின் குளிர்ச்சி லேசாக ஏறியது. அதோடு கூடவே வேறு ஏதோ, யாரோ அழும் குரல்போல, கிட்டே வந்து நின்றுவிட்டது. யார்?

ஞானையா பால் விட்ட டீயை அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனார். வேதாகமத்தில் 'இதை' என்ற சொல்லின்மேல் விரலை வைத்தபடி அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டம்ளரில் மெல்ல ஆடை கட்டத் தொடங்கியிருந்தது.