நெஞ்செரிச்சல் தீர்ந்த பிறகு

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள மருந்துக்கடையில் பாத்திமா மேரி பார்மசிஸ்ட். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அப்பா படுக்கையில் கிடந்த வருஷங்களில் அவளுடைய கல்யாணப் பேச்சு தானாக நின்றுபோனது. அப்பா போன பிறகும் யாரும் அதை எடுக்கவில்லை.

விருத்தாசலம் பஸ்ஸின் கண்டக்டர் மரிய ஆல்பர்ட் முதன்முதலாகக் கடைக்கு வந்தது மார்கழியில். நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே, "புளிச்ச ஏப்பமா வருதுங்க, ஏதாச்சும் குடுங்க" என்றார். மென்று சாப்பிடும் மாத்திரையில் ஓர் அட்டை கொடுத்தாள். அங்கேயே நின்று ஒன்றை மென்றார். சற்று நேரத்தில் முகச்சுளிப்பு தளர்ந்தது. "அப்பாடா!" என்று சிரித்தார். அன்று முழுக்க பாத்திமாவுக்கு வேலை பாரமாகத் தெரியவில்லை.

அதன்பின் அடிக்கடி வந்தார். பஸ் நிற்கிற கொஞ்ச நேரம்தான். மனைவி இறந்து நாலு வருஷம் என்று ஒரு நாள் சொன்னார். டீயும் பன்னும்தான் மத்தியானச் சாப்பாடு என்று இன்னொரு நாள். பாத்திமா திட்டினாள். அதைக் கேட்கவே வந்தவர் மாதிரி நின்று கேட்டுக்கொண்டார்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் கேட்டார்: "இந்த மாத்திரை உள்ள போயி என்னதாங்க பண்ணுது? மந்திரம் போட்டாப்புல எரிச்சல் நிக்குது. கொஞ்ச நேரம் போனா பழையபடி எரியுது."

"சோறு செரிக்க வயித்துல அமிலம் சுரக்குதுல்ல? அது நெஞ்சுக்கு ஏறினாலும் எரியும், வயித்துல புண்ணு இருந்தாலும் எரியும். மாத்திரையில இருக்கறது காரம்."

"காரத்தத் தின்னுதானங்க எரியுது! அதுக்கும் காரமா?"

"அய்யோ, மொளகாக் காரம் இல்லீங்க. சுண்ணாம்பு மாதிரி. அமிலமும் அதுவும் சேந்தா ரெண்டும் வீரியம் அடங்கி, உப்பும் தண்ணியுமா ஆயிடும். அதான் எரிச்சல் நிக்குது."

"அப்பறம் ஏன் திரும்ப வருது?"

"அங்க இருந்ததத்தான் அது அடக்கிச்சு. வயிறு புதுசா சுரந்துக்கிட்டேதான இருக்கும்? அத நிறுத்தவும் இதால முடியாது, புண்ண ஆத்தவும் முடியாது."

அடுத்துச் சொல்லவேண்டியதைச் சொல்லாமல், அவருக்காக ஓர் அட்டையை எடுத்தாள். இத்தனை மாதமாக மாத்திரை தேவைப்படுகிறவர் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். பார்த்தால் குணமாகிவிடும். குணமானவருக்கு இந்தக் கடையில் என்ன வேலை?

அவர் முகத்தைப் பார்த்தாள். வெளிறியிருந்தது.

"தப்பா நெனைக்காதீங்க, வெளிக்குப் போறது கறுப்பா இருக்கா?"

கூச்சத்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நேத்துலேந்து தார் மாதிரி இருக்குங்க."

பாத்திமா எடுத்த அட்டையைத் திரும்பப் பெட்டியில் போட்டாள். "உள்ள ரத்தம் கசியுது. இப்பவே அரியலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

"டூட்டி முடிச்சிட்டு..."

"இப்பவேன்னா இப்பவே!"

கடை அதிரக் கத்திவிட்டாள். அவர் அரியலூர் பஸ்ஸைத் தேடிப் போனார்.

அந்த பஸ்ஸின் டிரைவர் அய்யம்பெருமாள்தான் பிறகு வந்து சொன்னார். "கொழா விட்டுப் பாத்தாங்களாம்மா. புண்ணாம், கிருமியாம். மருந்து குடுத்துட்டாங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டுருந்தா என்ன ஆயிருக்குமோன்னு டாக்டர் சொன்னாராம்."

ஆல்பர்ட் வேலைக்குத் திரும்பினார். கடைக்குத்தான் வரவில்லை. பஸ் வரும், போகும். எத்தனையோ விசில்களுக்கு நடுவே அவருடைய விசில் எது என்று பாத்திமாவுக்குத் தெரிந்தது. அதைக் கேட்டால் கை வேலையை மறந்தது. எரிச்சல் திரும்பி வரட்டும் என்றா வேண்ட முடியும்? சர்ச்சில் ஞாயிறு பூசையில் அவர் புண் ஆறட்டும் என்றே வேண்டினாள். வேண்டி முடித்ததும் கண் கரித்தது.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்குப் போகாமல் விருத்தாசலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

ஆல்பர்ட் பக்கத்தில் வந்து திகைத்து நின்றார். "எங்கங்க?"

"விருத்தாசலம்."

"யாரையாச்சும் பாக்கணுமா?"

"இல்ல, சும்மா."

கூட்டம் நெரித்தது. வழி நெடுக அவர் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். ஆண்டிமடத்தில் அவருடைய அக்கா ஜன்னல் வழியாக டிபன் பாக்ஸ் நீட்டினார். விருத்தாசலத்தில் பஸ் காலியானதும் ஆல்பர்ட் அதைத் திறந்தார். தயிர்ச்சோறும் மணத்தக்காளிக் கீரையும். மூடியில் பாதியைப் பிரித்து அவளிடம் கொடுத்தார்.

"இப்ப எரியறதே இல்லீங்க. நேரத்துக்குச் சாப்புடுறேன். ஒங்க புண்ணியம்."

"நல்லது." பாத்திமா கீரையைத் தொட்டு ஒரு வாய் சாப்பிட்டாள்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "கடைக்கு வரணும்னு தெனமும் நெனப்பேன். நோய் இல்லாதவன் மருந்துக்கடையில என்ன சொல்லிட்டு நிக்கறது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணும் வாங்காம வாங்க."

புதன்கிழமை வந்தார். கடையில் கூட்டம். ஓரமாக நின்று, அவள் மருந்து எடுத்துக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுவதற்குள் அய்யம்பெருமாள் ஹாரன் அடித்துவிட்டார். "வரேங்க" என்று ஓடினார். பஸ் திருப்பத்தில் மறையும்வரை பாத்திமா பார்த்துக்கொண்டே நின்றாள். எதிரே மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தவர் இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது.