புஷ்பவள்ளி கேட்ட கிதார்

கிதார் கம்பியில் விரலை வைத்தால் இரைச்சல் அடங்குகிறது, விரலை எடுத்தால் மறுபடி இரைகிறது. இதற்கு என்ன காரணம் என்று தேவநாதனுக்குப் பிடிபடவில்லை.

கிதார் ஜப்பான் சாமான். கடலூருக்கு இரும்புத்தாது ஏற்ற வந்த கப்பலின் மாலுமி ஒருவனிடமிருந்து, துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த தேவநாதன் வாங்கியது. மின்சாரக் கிதாருக்குச் சொந்தமாகச் சத்தம் அதிகம் கிடையாது. கம்பிகளுக்கு அடியில் ஒரு காந்தமும், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் கீழே சுருளில் துளி மின்சாரம் பிறக்கும். அந்தத் துளியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்ப வேண்டும். அதற்கென்று தனி மெஷின் வாங்க அவன் எங்கே போவான்? வீட்டு வால்வு ரேடியோவின் முதுகில், கிராமபோனை இணைப்பதற்காக இரண்டு துளைகள் இருந்தன. அவற்றில் கிதார் ஒயரைச் செருகிக்கொண்டான். ஊரில் மின்சாரக் கிதார் வைத்திருந்த இரண்டு மூன்று பேரும் அப்படித்தான் செய்தார்கள்.

ரேடியோவுக்கு எதிரே முக்காலியில் ஒரு டேப் ரிக்கார்டர். அது ரஃபியுதீனுடையது. பரங்கிப்பேட்டைக்காரனான ரஃபியுதீன் கல்யாணக் கச்சேரிகளில் தேவநாதனோடு பாங்கோ என்கிற இரட்டை மேளம் வாசிப்பவன். அவன் அண்ணன் பினாங்கிலிருந்து கொண்டுவந்த மெஷின் அது. பேட்டரியிலேயே ஓடும்.

பேட்டரியில் ஓடுவதால்தான் தேவநாதன் அதை இரவல் கேட்டான். அவன் மனைவி புஷ்பவள்ளி தை மாதக் கடைசியிலிருந்து சிதம்பரத்தில் அவளுடைய அண்ணன் பழனிவேல் வீட்டில் படுத்திருந்தாள். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது என்றார் டாக்டர். பழனிவேலைத் தனியாக வெளியே அழைத்துப்போய், கோடை முழுக்கத் தாங்குவது கஷ்டம் என்றும் சொன்னார். பழனிவேல் குடியிருந்த பின்கட்டில் மின்சாரம் இல்லை. கிதாரைத் தூக்கிக்கொண்டு போனாலும் அங்கே அது வெறும் மரக்கட்டை. சாயங்காலங்களில் தேவநாதன் வாசிக்கும் ஒரு மெட்டு உண்டு. அவனே கட்டியது, பெயர்கூட வைக்கவில்லை. "அத ஒருவாட்டி நல்லா கேக்கணுங்க" என்றாள் புஷ்பவள்ளி. அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

முதல் டேப்பை மாசியில் கொண்டுபோனான். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள்.

"என்னங்க இது, கித்தாருக்குள்ள வண்டு பூந்துடுச்சா?"

"கரண்டு சத்தம்."

"முன்னல்லாம் இல்லியே."

"அதான் எனக்கும் தெரியல."

"ஏன் மாப்ளே, அம்மாந்தூரத்துலேர்ந்து வண்டப் புடிச்சியாந்தா காட்டுறீங்க?" என்று பழனிவேல் சிரித்தார். தங்கையும் சிரித்தாள், சிரித்ததில் மூச்சு வாங்கியது. அது அடங்கிய பிறகு சொன்னாள்: "பாட்டு கேக்குது. கடசி இழுப்புதான் கேக்கல. கம்பிய விட்டப்புறமும் அது மெல்ல மெல்லப் போயிக்கிட்டே இருக்குமே, அத அந்த வண்டு தின்னுடுது. ரேடியோவுக்கு வால்வு மாத்திப் பாத்தீங்களா?"

"மாத்திட்டேன்."

"அதுக்கு மாத்த முடியுது" என்றாள். பழனிவேல் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்.

கடலூருக்குத் திரும்பியதும் தேவநாதன் இரைச்சலை முறையாகத் தேடத் தொடங்கினான். டேப் ரிக்கார்டரில் பழுதா? அது பேட்டரியில் ஓடுவது. வீட்டு மின்சாரத்தின் இரைச்சல் அதற்குள் பிறக்க வழியில்லை. ரேடியோவா? கிதாரைக் கழற்றிவிட்டு ஸ்டேஷன் வைத்தால் பாட்டு சுத்தமாக வந்தது. ஒயரா? உள்கம்பியைச் சுற்றி வலை பின்னிய புது ஒயர் வாங்கிப் போட்டான். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. ரேடியோவுக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மரைச் சுற்றி ஒரு காந்தப் புலம் துடித்துக்கொண்டே இருக்கும், கிதாரின் சுருள் அதையும் சேர்த்துப் பிடிக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் ஒயர் எட்டுகிறவரை தள்ளி உட்கார்ந்தான். கிதாரை இப்படியும் அப்படியும் திருப்பினான். ரேடியோவுக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தபோது இன்னும் கொஞ்சம் இறங்கியது.

ஆனால் அடிப்படை இரைச்சல் அப்படியே இருந்தது. கம்பியைத் தொட்டால் முனகலாகச் சுருங்கும், கையை எடுத்தால் பழையபடி எழும். ஒருநாள் குளித்துவிட்டு ஈரக் காலோடு வந்து தொட்டபோது, முனகலும் பாதியாகிவிட்டது. ரேடியோவிலிருந்து மண்ணுக்கு இறங்கும் எர்த் கம்பியைச் சந்தேகித்து, அதன் இரண்டு நுனிகளையும் பளபளவென்று சுரண்டி இறுக்கினான். ஒரு மாற்றமும் இல்லை.

"மாமா, உன்னயக் கண்டாத்தான் அது பயப்படுது" என்றான் ரஃபியுதீன். "பேசாம நீயே அதுக்குள்ள போயி குந்திக்க."

பங்குனியில் ஒரு ஞாயிறு, டேப் இல்லாமலேயே சிதம்பரத்துக்குப் போனான். புஷ்பவள்ளிக்குக் கால் வீங்கியிருந்தது. மூன்று தலையணைகளை அண்டக் கொடுத்திருந்தார்கள். டேப் எங்கே என்று அவள் கேட்கவில்லை. வீட்டைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"கனகாம்பரம் பூக்குதா?"

"காஞ்சி போச்சி."

"தண்ணி ஊத்தலியா?"

"தைலம்மாள அந்தப் பக்கம் ஊத்த வேணாம்னுட்டேன். எர்த் கம்பி எறங்குற எடமில்ல?" தைலம்மாள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள்.

"ஆமா, அது ஒண்ணு உங்களுக்கு." மூச்சு விட்டுவிட்டு மறுபடி பேசினாள். "கரண்டுகிட்ட தண்ணி ஊத்துறியே, அறிவிருக்கான்னு கத்துவீங்க. நீங்க ஆபீஸ் கெளம்பினதும் ஊத்துவேன். அரிசி களஞ்ச தண்ணி, மூஞ்சி கழுவுன தண்ணி, எல்லாம் அங்கதான்."

"தெனமுமா?"

"பின்ன? செடி தெனமும் குடிக்காதா? நாள் கெழம பாத்தா குடிக்கும்?"

அவன் சிரித்துவைத்தான். திரும்பும்போது, ரயில் கிள்ளை தாண்டி, பரங்கிப்பேட்டை தாண்டிப் போகும்வரை அவள் காலின் வீக்கம்தான் கண்ணில் நின்றது. ஆலப்பாக்கத்தில் வண்டி நின்றபோது, ஒருத்தி குழாயடியில் குடத்தைக் கழுவி, அந்தத் தண்ணீரை மணலில் கொட்டினாள். கொட்டிய இடம் ஒரு கணம் கறுத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது. தேவநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

வீட்டு மின்சாரத்திலிருந்து ரேடியோவின் இரும்புச் சட்டத்துக்கு எப்போதும் கொஞ்சம் கசியும். அந்தக் கசிவு மண்ணுக்குள் இறங்கிப் போய்விட வேண்டும். அதற்காகத்தான் ஜன்னலுக்கு வெளியே கனகாம்பர மூலையில் ஆளுயர இரும்புக் குழாயைப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, ரேடியோவிலிருந்து ஒரு கம்பியை அதற்கு இழுத்திருந்தான். கம்பி இருக்கிறது, குழாய் இருக்கிறது, ஆகவே எர்த் இருக்கிறது என்று நினைத்துவிட்டான். காய்ந்த மணலில் மின்சாரம் இறங்காது, ஈரமண்ணில்தான் இறங்கும். கடலோர மணலோ குடித்த தண்ணீரை நிறுத்தி வைக்காது. குழாயைச் சுற்றிக் காய்ந்துபோனதும், கசிவு போக வழியில்லாமல் கிதாருக்குள் புகுந்து இரைந்தது. அவன் கம்பியைத் தொட்டபோது அவன் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கியது. ஈரக் காலென்றால் இன்னும் சுலபமாக இறங்கியது. இரண்டு மாதமாக அந்த ரேடியோவுக்கு எர்த் அவன்தான்.

தண்ணீரும் மின்சாரமும் சேரக்கூடாது என்பது நல்ல பாடம். சுவிட்சுக்கும் ஒயருக்கும் அது சரி. புதைத்த குழாய்க்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது அவன் தவறு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை அந்த மூலையில் வைத்துத்தான் திட்டினான். அவள் செடிக்கு என்று ஊற்றிய தண்ணீரில்தான் அவனுடைய மெட்டு சுத்தமாகக் கேட்டிருக்கிறது. வண்டி கடலூரில் நின்றும் இறங்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தான். போர்ட்டர் ஒருவன் வந்து, "சார், இதுக்கு மேல மெட்ராஸ்தான் போவும்" என்றபோதுதான் எழுந்தான்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொன்னான். காலையில் தைலம்மாள் வந்ததும் குடத்தைக் கையில் கொடுத்தான்.

"ஊத்தாதேன்னீங்க, இப்ப ஊத்துன்னா?" என்றாள் அவள். "ஒரு வாயாப் பேசுங்க தம்பி."

"ஊத்துங்க. நான் சொல்றப்ப நிறுத்துங்க."

உள்ளே வந்து ரேடியோவைப் போட்டான். கிதாரைத் தொடாமல் பாயில் கிடத்தினான். இரைச்சல் அறையை நிறைத்தது. வெளியே தண்ணீர் விழுந்தது. முதல் குடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, மணல் மொத்தத்தையும் குடித்துவிட்டது. இரண்டாவது குடம் ஊற்றும்போது இரைச்சலின் அடிப்பகுதி கழன்றது. மூன்றாவதில் அது இறங்கி, முனகி, கடைசியில் ஸ்பீக்கரில் காதை வைத்தால்தான் தெரியும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

"போதுமா தம்பி?" என்றாள் தைலம்மாள் ஜன்னலுக்கு வெளியிலிருந்து. அவன் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவளாகவே இன்னொரு குடமும் ஊற்றினாள்.

அந்தத் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போதே அவன் டேப்பை ஓடவிட்டு வாசித்தான். மெட்டின் கடைசியில் கம்பியை விட்டுவிட்டு, சுருதி தானாக ஓயும்வரை கையைத் தூக்கியே வைத்திருந்தான்.

மத்தியான வண்டியில் சிதம்பரம் போனான். புஷ்பவள்ளியால் அப்போது உட்கார முடியவில்லை. மெஷினைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டான். முதலில் நாலைந்து நொடி, ஜன்னல் வழியாக மைக்கில் விழுந்த தண்ணீர்ச் சத்தம். அவள் புருவம் உயர்ந்தது.

"யாரு ஊத்துறது?"

"தைலம்மா. நான்தான் ஊத்தச் சொன்னேன். நீ ஊத்துனதாலதான் அப்பல்லாம் சத்தம் இல்லாம இருந்திருக்கு, புஷ்பா. எனக்குத்தான் தெரியல."

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்றாள். "செடி பாவம்னு ஊத்தினேன்."

பிறகு மெட்டைக் கேட்டாள். கம்பியை விட்ட இடத்தில், சுருதி ஓய்ந்துகொண்டே போகும்போது, அவள் விரல் ஒன்று பாயில் மெல்ல நகர்ந்தது. முழுதும் அடங்கியதும் "போயிடுச்சி" என்றாள். மறுபடி போடச் சொன்னாள். இரண்டாம் முறை பாதியிலேயே தூங்கிவிட்டாள். பழனிவேல் மெஷினை நிறுத்த வந்தார். வேண்டாம் என்று தேவநாதன் கையைக் காட்டினான்.

அந்த வாரம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

கருமாதி முடிந்து சில நாள் கழித்து, மெஷினை வாங்கிப் போக ரஃபியுதீன் வந்தான். அதைத் துடைத்து உறையில் போட்டுக் கொடுத்தான் தேவநாதன். டேப்பை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டான். ரஃபியுதீன் ரேடியோவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அந்தச் சத்தத்த எப்படி மாமா நிறுத்தினே? நம்ம ரிகர்சல் ரூம்லயும் அப்படித்தான் இரையுது."

தேவநாதன் அவனுக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னான்.

"வலை போட்ட ஒயரு மாட்டு. ரேடியோவுக்குப் பக்கவாட்டுல தள்ளி ஒக்காரு. எர்த் கம்பியச் சுரண்டி மட்டும் பிரயோஜனமில்ல, குழாயச் சுத்தி மண்ணு ஈரமா இருக்கணும். நம்ம ஊரு மணலுக்கு ஒருநாள் ஊத்திட்டு விட்டா பத்தாது. தெனமும் ஊத்தணும்."