கடைசி வரி வரை

நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். இந்தத் தெருவில் யார் எந்த எழுத்தில் தடுமாறுவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவன் கண்ணிலேயே மண்ணைத் தூவினால் கோபம் வருமா, வராதா?

கோடை விடுமுறைக்கு மகள் விடுதியிலிருந்து வந்த முதல் வாரமே வீட்டின் போக்கு மாறிவிட்டது. அம்மாவும் மகளும் அதுவரை கீரியும் பாம்பும். இப்போது தெருவில் கைகோத்துக்கொண்டு நடக்கிறார்கள். புதன்கிழமை தோறும் மூன்று மணிக்குக் மனைவி பார்க்கும் கல்லாவையும் என் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். எங்கே என்று கேட்டால், "சும்மா, காத்து வாங்க." வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் யார் காற்று வாங்குவார்கள்?

என் சட்டையில் ஒரு பொட்டு மைக்கறை இருந்தாலும் வாசலிலேயே மடக்கிப் பிடிக்கிற மனைவி, அந்தக் கோடை முழுவதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மாறாகச் சந்தேகம்தான் வந்தது. இவள் என்னோடு சண்டை போடவில்லை என்றால் மனசு வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம். சாப்பாட்டு மேசையை நான் ஒரு சாண் நகர்த்திப் போட்டதற்கு மட்டும் வீட்டை இரண்டாக்கினாள்.

போன் விஷயம் அதைவிட மோசம். யாருக்கும் எழுதி அனுப்புவதில்லை. சமையலறை மூலையில் நின்று பேசிப் பேசி அனுப்புகிறாள், வரும் பதிலைக் காதில் ஒட்டிவைத்துக் கேட்கிறாள். என் காலடிச் சத்தம் வந்தால் நிறுத்திவிடுவாள்.

அவள் குளிக்கப் போன சமயம் போனை எடுத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் எடுத்தேன். கடைசியாக வந்திருந்த பதிவில் ஓர் ஆண் குரல்: "பயப்படாதீங்க. உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களே சொல்லிடறதுதான் நல்லது. புதன்கிழமை பேசிக்கலாம்."

இருபத்தொரு வருஷ வாழ்க்கை கையை விட்டுப் போகிறது என்று நினைத்தேன்.

புதன்கிழமை அவர்கள் கிளம்புமுன் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கேட்டேன். "யாரு அவன்?"

கல்லாவில் இருந்த மனைவி சாவியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். மகள்தான் வெடித்தாள்.

"கண் டாக்டர்ப்பா! அம்மாவுக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாப் போய்க்கிட்டிருக்கு. உங்ககிட்ட சொன்னா கடைக்கு வராதேன்னு வீட்டுல உக்கார வெச்சிடுவீங்கன்னு பயம்."

"வாயை மூடுடி," என்றாள் மனைவி. "எனக்கு ஒண்ணுமில்லைங்க. அவ சும்மா பெருசு பண்றா."

கண்ணாடிக் கடைக்காரன் பொண்டாட்டி திருட்டுத்தனமாகக் கண் டாக்டரிடம் போகிறாளாம்! கதையை நன்றாகத்தான் ஜோடித்திருக்கிறார்கள்.

"அப்படியா? அந்த நாற்காலில உக்காரு. என் முன்னாடி படி."

மடமடவென்று போய் உட்கார்ந்தாள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையின் மேல் வரியில் தொடங்கினாள். எறும்பு ஊர்வதுபோல் இருக்கும் கடைசி வரி வரை ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

"என்னைவிட நல்லாவே தெரியுதே! ரெண்டு பேரும் சேர்ந்து யாரை முட்டாளாக்கறீங்க?" என்று கத்தினேன்.

மகள் பலகையைச் சத்தமில்லாமல் கழற்றினாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வைத்திருக்கும் படப் பலகையை அந்த ஆணியில் மாட்டினாள்.

"அந்தக் கண்ணுலயும் படிச்சுடும்மா," என்றாள்.

மனைவி மறு கண்ணைப் பொத்திக்கொண்டாள். அதே எழுத்துகளை, அதே வரிசையில், கணீரென்று சொல்லிக்கொண்டே போனாள். எதிரே குடையும் பூனையும் வீடும்தான் இருந்தன. பத்தொன்பது வருஷமாக, வருகிறவர்கள் எல்லோரும் அந்த எழுத்துகளைப் படிப்பதைக் கேட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் அவள்.

கடைசி வரியை முடித்துவிட்டுக் கையை எடுத்தாள். "ஒண்ணாவது தப்பா? சொல்லுங்க," என்றாள்.

நான் அவள் முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி, பதிலுக்குக் காத்திருந்தாள்.