மருந்துத் தொட்டி

சாவுக்கு வந்தவர்களைக் கேட்டிலேயே நிறுத்திச் செருப்பைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள் மகள். கேட்டுக்கு வெளியே ஒரு தகரத் தொட்டி. அதில் மருந்து கலந்த தண்ணீர் வெளுத்துக் கிடந்தது. அதில் இறங்கிக் காலை நனைத்து, அவள் எடுத்து வைத்திருந்த ரப்பர் செருப்பில் ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டால்தான் உள்ளே போகலாம். வீடு முன்னால், பன்றிக் கொட்டகைகள் பின்னால். முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள்.

"அழ வந்தவங்களை இப்படிக் கழுவிக் கழுவி அனுப்புறியேடி," என்றாள் அத்தை.

"அப்பா இருந்தா செருப்போட விட்டிருப்பாரா அத்தை?"

அத்தை புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொட்டியில் இறங்கினாள்.

அக்கம்பக்கத்தில் அப்பாவுக்குச் சோப்புக்காரர் என்றுதான் பெயர். மின்சார மீட்டர் பார்க்க வருகிற ஆள் இந்த வீட்டுக்கென்றே தனியாக ஒரு ஜோடிச் செருப்பு வாங்கி வைத்திருந்தார். தீவன வண்டி கேட்டைத் தாண்டி வந்ததில்லை. விலைக்கு வாங்கி வந்த பன்றியைக் கோடிக் கொட்டகையில் வாரக்கணக்கில் தனியே கட்டிப்போட்டு, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றவற்றோடு சேர்ப்பார். சுற்றுப்பட்டில் பன்றிகளைக் கொல்லும் அந்தக் காய்ச்சல் வந்திருப்பதாகப் பேச்சு அடிபட்டதிலிருந்து இன்னும் மோசம். பன்றிக்கு வந்தால் மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. மனிதரை அது ஒன்றும் செய்யாது. ஆனால் மனிதரின் செருப்பில், துணியில், வண்டிச் சக்கரத்தில் ஏறி ஊர் ஊராகப் போகும். ஒரு பண்ணையில் கண்டுபிடித்தால் அங்கே இருப்பதையெல்லாம் கொன்று குழியில் தள்ளி மூடிவிடுவார்கள்.

தொட்டியில் நின்றபடியே பக்கத்துத் தெருக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தப்பா நினைக்காதம்மா. அப்பாவுக்கும் அந்தக் காய்ச்சல்தானோ?"

"நெஞ்சு வலி. அது மனுஷனுக்கு வராது."

அவர் தலையாட்டினார். ஆனாலும் உள்ளே போனவர் பிணத்தின் அருகே போகாமல் வாசற்படியிலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பியதை அவள் பார்த்தாள்.

கடைசி வாரம் அப்பா ஒரு மாதிரியாகத்தான் இருந்தார். திடீரென்று கொட்டகைக்குள் வருவதை நிறுத்திவிட்டார். "முட்டி வலிக்குது, நீயே பாத்துக்க," என்றார். பன்றிகளுக்கு நடுவிலேயே வயதாகிவிட்ட மனிதர், முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு அவளைக் கேள்வி கேட்டே துளைத்தார். எது தின்றது, எது படுத்தே கிடக்கிறது, எதற்கு இருமல். முதலாளி ஆகிட்டீங்க போல என்று அவள் கிண்டல் செய்ததற்குக்கூட அவர் சிரிக்கவில்லை.

அந்த வாரம்தான் நரைக்காது என்று அவர்கள் கூப்பிடும் தாய்ப்பன்றி குட்டி போட்டது. மூன்று குட்டிகள் சுலபமாக வந்துவிட்டன. நான்காவது குறுக்கே மாட்டிக்கொண்டது. அவள் கைவிட்டுப் பார்த்தாள், திருப்பத் தெரியவில்லை. தாய் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கியது. அவள் போட்ட கூச்சலில் அப்பா கொட்டகை வாசல்வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டார்.

"டாக்டரைக் கூப்பிடு."

"அவர் வர்றதுக்குள்ள தாயும் போயிடும், குட்டிங்களும் போயிடும். என்னப்பா வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? உள்ள வாங்க!"

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்க் குளித்துவிட்டு, துவைத்த துணி மாற்றி, முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தார். கை சிவந்திருந்தது. உள்ளே வந்து அரை நிமிஷத்தில் குட்டியைத் திருப்பி இழுத்துப் போட்டார். மற்றவையும் வரிசையாக வந்தன. இத்தனைக்கும் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி இல்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் கொட்டகை ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு ஒரே கேள்விதான்.

"நரைக்காது தின்னுச்சா?"

இன்று காலையும் கேட்டார்.

"தின்னுச்சுப்பா. கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கு. வெக்கையா இருக்குல்ல, அதான்."

அவர் அங்கிருந்த தவிட்டு மூட்டையின் மேல் மெல்ல உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவருவதற்குள் தலை சுவரில் சாய்ந்திருந்தது.

வெயில் ஏறியபோது அம்மா உள்ளேயிருந்து வந்து அவள் காதோரம் சொன்னாள். "உன் சித்தப்பா ரோட்டுக்கு அந்தப் பக்கமே நிக்கிறாரு. எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? எல்லாரும் ஒரு மாதிரி பேசுறாங்க. போய்க் கூட்டிட்டு வா."

சித்தப்பாவுக்கும் பண்ணை இருந்தது, வாய்க்காலுக்கு அப்பால். அண்ணனும் தம்பியும் தினம் ஒருமுறையாவது போனில் திட்டிக்கொள்ளாமல் இருந்ததில்லை. சித்தப்பா பூட்டிய கடை ஒன்றின் நிழலில் நின்றிருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் ரோட்டைக் கடந்ததும் கையை உயர்த்தினார்.

"கிட்ட வராதம்மா."

"என்ன சித்தப்பா இது, உள்ள வாங்க. கால் நனைச்சுட்டு வாங்க, போதும்."

"போதாது." அவர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். "என்கிட்ட வந்துடுச்சு."

அவளுக்கு உடனே புரிந்தது. ஆனாலும் கேட்டாள். "எது?"

"போன வாரமே வந்துடுச்சு. ரெண்டு தாய் ஒரே நாள்ல விழுந்துச்சு. காதெல்லாம் கத்திரிப்பூ நிறம். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அண்ணனுக்குப் போன் போட்டேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"சொல்லல. வந்தாரு."

ரோட்டில் ஒரு லாரி போயிற்று. அது போய் முடியும்வரை இருவரும் நின்றார்கள்.

"ரெண்டு பேருமா இழுத்துப் போட்டுப் புதைச்சோம். டாக்டருக்குச் சொல்லுடான்னு கத்தினாரு. நான்தான் கையப் பிடிச்சுக்கிட்டேன். மிச்சத்தையாவது காப்பாத்திப் பாக்கறேன், கொஞ்சம் பொறுத்துக்கண்ணேன்னேன். வாயத் திறக்கல. கிளம்பறப்போ, இனிமே என் கொட்டகைக்குள்ள நான் கால் வைக்க முடியாதுடான்னு மட்டும் சொன்னாரு." சித்தப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சொன்னா சொன்னதுதான் அண்ணன். போயிருக்க மாட்டாரு. உன் பண்ணைக்கு ஒண்ணும் ஆகாதும்மா."

அவள் கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ ஒரு கிழவர் அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலைத் தொட்டிக்குள் வைக்கத் தயங்கிக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட மிச்சம் எத்தனை இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"வாங்க சித்தப்பா," என்றாள் அவள்.

"சொன்னது காதுல விழலையா உனக்கு?"

"விழுந்துச்சு. வாங்க. தூக்கறதுக்கு நீங்க வேணும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, பின்னாலேயே நடந்தார்.

அவள் கேட்டுக்கு வந்து தொட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். தண்ணீர் தளும்பிச் சிந்தியது. கேட்டுக்கு உட்பக்கம் கொண்டுவந்து போட்டாள். நின்றிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னடி பண்ற?" என்றாள் அத்தை.

"வெளிய போறப்போ எல்லாரும் கால் நனைச்சுட்டுப் போங்க. வீட்டுக்குப் போனதும் துணியச் சுடுதண்ணில போடுங்க. பன்னி வளர்க்கறவங்க யாராவது வந்திருந்தா உங்க கொட்டகைப் பக்கம் போகாதீங்க."

அவள் அங்கேயே நின்று கால்நடை டாக்டருக்குப் போன் செய்தாள். சித்தப்பா பண்ணையின் பெயரைச் சொன்னாள். தன் பண்ணையின் பெயரையும் சொன்னாள்.

அத்தை அவள் கையைப் பிடித்தாள். "அவரை எடுத்த பிறகு சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு நாள்ல என்ன ஆகிடும்?"

"அப்படித்தான் அத்தை அவரும் நினைச்சிருப்பாரு."

அமரர் வண்டி வந்தது. சித்தப்பா தலைமாட்டில் பிடித்துக்கொண்டார். அவர் வாய்விட்டு அழுதபோது அம்மாவும் சேர்ந்து அழுதாள். வண்டி கிளம்புமுன் மகள் மண்டியிட்டு நான்கு சக்கரத்திலும் மருந்துத் தண்ணீரை ஊற்றினாள். டிரைவர் ஒன்றும் புரியாமல் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

புதைத்துவிட்டு வந்தபோது வீட்டில் கூட்டம் இல்லை. வேறு சாவு வீடென்றால் இருட்டும்வரை உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் வழியில் இருப்பதாகவும், அதற்குள் எல்லாவற்றுக்கும் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்து வைக்கும்படியும் செய்தி அனுப்பியிருந்தார். அவள் குளித்து, துணி மாற்றிக்கொண்டு தெர்மாமீட்டருடன் கொட்டகைக்குள் போனாள். மற்ற பன்றிகள் அவளைக் கண்டதும் எழுந்து கம்பியில் மூக்கை முட்டின.

நரைக்காது எழவில்லை. விலாவைத் தரையில் நீட்டிப் படுத்திருந்தது. தீவனத்தின் மேல் ஈ மொய்த்தது. குட்டிகளுக்குப் பால் குடிக்கும் நேரம். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்து, பிறந்த அன்றே பிடித்து வைத்துக்கொண்ட காம்பை ஒவ்வொன்றும் கவ்விக்கொண்டன. பால் இறங்கும்முன் தாய் அடித்தொண்டையில் விட்டுவிட்டு உறுமும். அதைக் கேட்டால்தான் குட்டிகள் உறிஞ்சத் தொடங்கும். அவள் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உறுமல் வரவில்லை. குட்டிகள் காம்பை வாயில் வைத்தபடி, அசையாமல், காத்துக்கொண்டிருந்தன.