ஒரு இஞ்ச் கழிச்சு

கழக்கூட்டத்தில் பிச்சுமணி கட்டும் வீட்டின் படுக்கையறை ஒரு இஞ்ச் கோணல் என்பது, அன்று காலை, தனக்கு மட்டும்தான் தெரியும் என்று வேதமாணிக்கம் மேஸ்திரி நினைத்திருந்தார். மூலைக்கு மூலை குறுக்கே கயிறு பிடித்துப் பார்த்திருந்தார். ஒரு குறுக்குக்குச் சரியாக வெட்டிய கயிறு, மறு குறுக்குக்கு ஒரு இஞ்ச் எட்டவில்லை.

கோணல் பெரிய விஷயமில்லை. மீசைதான் விஷயம். "ஒரு நூல் பெசகினாலும் மீசைய வழிச்சிருவேன் சார்" என்று அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய அன்றே சொல்லியிருந்தார். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். அப்படிச் சொல்ல அவருக்குத் தகுதியும் இருந்தது. பொன்முடியில் அவர் கட்டிய வீட்டுக்குள் ஒரு மார்கழிக் காலையில் புகுந்த மூடுபனி, வெளியே வரும்போது மூலை பிசகாத செங்கல் செங்கலாகத்தான் வந்தது. மலையடிவாரத்தில் விதுராவில் இறங்கிக் கேட்டால் நாலு பேர் சொல்வார்கள். நாலாவது ஆள், அதில் இரண்டை எடுத்துத் தன் வீட்டுப் படிக்குப் போட்டதாகவும் சொல்வார்.

மறுநாள் டைல்ஸ் வருகிறது. அன்று பத்து மணிக்கே பிச்சுமணி டேப்போடு வந்தார். டேப்பின் முனைக் கொக்கி ஆடும். அதனால் ஒன்று என்ற கோட்டை மூலையில் வைத்துப் பிடித்து, வந்த அளவில் ஒரு இஞ்ச் கழிப்பது வேதமாணிக்கமே வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழக்கம். முனையைப் பிச்சுமணியின் மனைவி விஜயம் பிடித்தாள்.

"பதினாறடி மூணு. ஒண்ணு போனா ரெண்டு." பிச்சுமணி மறு மூலைக்கு நடந்தார். "இதுவும் பதினாறடி மூணு. ரூம் மட்டமாக்கும், மேஸ்திரி."

"தமிழ் மட்டமா, மலையாள மட்டமா சார்?"

மலையாளத்தில் மட்டம் என்றால் மூலை கச்சிதம். தமிழில் மோசம். பிச்சுமணி சிரித்துக்கொண்டே டைல்ஸ் கடைக்குப் போன் பண்ண வெளியே போனார். விஜயம் டேப்பைச் சுருட்டினாள்.

"ரெண்டாந் தடவ எங்க பிடிச்சிய மாமி?"

"முனையிலயே."

"ஒண்ணுல பிடிக்கணும்னு சொல்லியிருக்கேன்லா."

"தெரியும். காலம்பற நீங்க கயிறும் கையுமா நின்னேளே, பாத்தேன். எந்த மூலைக்கு எட்டலைன்னும் பாத்தேன். கிரகப்பிரவேச போட்டோல மீசை இல்லாம நின்னா, இது யாருன்னு கேப்பா."

நாற்பது வருஷத்தில் யாரும் அவருக்கு ஒரு இஞ்ச் இனாமாகக் கொடுத்ததில்லை. வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

மறுநாள் டைல்ஸ் வண்டி வருவதற்குள் வந்துவிட்டார். கண்ணுக்குக் கீழே முகம் முழுக்கத் துண்டைச் சுற்றியிருந்தார். பல்வலி என்று கையைக் காட்டிவிட்டு, தெற்குச் சுவரை இடிக்க ஆரம்பித்தார்.

"ஓய், அளந்து பாத்த சுவராக்கும் அது. எதுக்கு இடிக்கறீர்?" என்றார் பிச்சுமணி. பல்வலிக்காரர் பேச முடியுமா?

விஜயம் காப்பி கொண்டுவந்தாள். டம்ளரைக் கீழே வைக்கவில்லை, நீட்டிக்கொண்டு நின்றாள். வேதமாணிக்கம் சுத்தியலை வைத்துவிட்டு டம்ளரைப் பார்த்தார். தூக்குக்குண்டு விட்டதுபோல் ஆவி நேராக எழும்பிக்கொண்டிருந்தது. அவர் கை மெல்லத் துண்டின் முடிச்சுக்குப் போயிற்று.