எட்டாவது கிளிப்

பாராசூட் மடிக்கும் கூடத்தில் ஆறு நீள மேசைகள் உண்டு. துணியை அவற்றின்மேல் நீட்டிப் போட்டு, மடிப்பு மடிப்பாக அடுக்குவார்கள். அடுக்கு கலையாமல் இருக்க அங்கங்கே சிவப்பு கிளிப் மாட்டுவார்கள். துணி காயப்போடும் கிளிப்தான், கொஞ்சம் பெரியது. மடித்து முடித்ததும் எல்லாவற்றையும் உருவிவிட்டுப் பைக்குள் திணிக்க வேண்டும். ஒன்று உள்ளே தங்கிவிட்டால், வானத்தில் அந்தத் துணி விரியாது.

அதனால் ஒரு மேசைக்கு எட்டு கிளிப் என்று கணக்கு. காலையில் ஸ்டோர் ஜன்னலில் ஒரு வளையத்தில் கோத்துத் தருவதை வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு பாராசூட்டை முடித்ததும் எண்ண வேண்டும் என்பது விதி. வேலை முடிந்து திருப்பித் தரும்போது மட்டும் எண்ணுவது வழக்கம். அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பவள் நான். சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அன்று பிற்பகல் ஒன்றரை மணிக்கு வக்கீல் வளையத்தை ஜன்னலில் வைத்தான். நான்காம் மேசைக்காரன். சிப்பாய்களிலேயே கடைசிப் படி. யார் ஒரு விதியைச் சொன்னாலும் இரண்டு விதிவிலக்கு சொல்வான் என்பதால் அந்தப் பெயர். எட்டு நாளைக்கு முன்பு அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அன்று நாலு மணியிலிருந்து ஐந்து நாள் விடுப்பு, நாலரைக்கு பஸ். அதற்காக விடியற்காலையிலேயே வந்து தன் பங்குக்குப் பத்து பாராசூட்டையும் மடித்து முடித்திருந்தான்.

எண்ணினேன். ஏழு இருந்தது. திரும்ப எண்ணினேன்.

"ஏழுதான் இருக்கு" என்றேன்.

"என்னது? சத்தமா சொல்லுங்க."

என் குரல் எப்போதும் ஜன்னலைத் தாண்டாது. ஆனால் மூன்று மேசைக்கு அப்பால் நின்ற சார்ஜென்ட்டுக்குக் கேட்டுவிட்டது. நாற்பது வயது, குள்ளமான பெண். மடித்த மடிப்பை விரலால் தூக்கிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு "மாமியார்" என்று பெயர். அது தெரிந்தும் தெரியாதவராக நடந்துகொள்வார்.

"எத்தனை?" என்றார் வந்து.

"ஏழு, சார்ஜென்ட்."

"கையெழுத்து?"

"எட்டுக்குப் போட்டிருக்கு."

அவன் பக்கம் திரும்பினார். "இன்னிக்கு மடிச்சது எத்தனை?"

"பத்து."

"பத்தையும் பிரி."

"எனக்குக் குடுத்ததே ஏழுதான், சார்ஜென்ட்."

"வாங்கறப்ப எண்ணினியா?"

"யாரு எண்றாங்க? வளையத்தை வாங்கறோம், கையெழுத்துப் போடறோம், போறோம்."

"அப்ப உனக்கும் தெரியாது. பிரி."

"பிரிக்க மாட்டேன்."

கூடத்தில் துணி உரசும் சத்தம் நின்றது.

"டேய், வாயை மூடுடா" என்று பக்கத்து மேசையிலிருந்து யானை முணுமுணுத்தான். குச்சி போல் இருப்பான், அதனால் யானை.

வக்கீல் மூடவில்லை. "என் கை எனக்குத் தெரியும். நாலு வருஷத்துல ஒரு மடிப்பு தப்பாப் போச்சா, சொல்லுங்க பாப்போம். ஸ்டோர்ல எண்ணத் தெரியலைன்னா அதுக்கு நான் பத்தையும் பிரிக்கணுமா? நல்லா இருக்கே நியாயம்! மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா?"

யாரோ சிரித்து, அதை இருமலாக்கினார்கள். அந்தப் பெயரை அவர் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது என்று நினைக்கிறேன். ஆனால் முகவாயை இறக்கவில்லை.

சார்ஜென்ட்டின் கழுத்தில் ஒரு நரம்பு எழுந்து அடங்கியது. அவ்வளவுதான்.

"எல்லாரும் டீ குடிக்கப் போங்க. நான் கூப்பிடற வரைக்கும் வர வேண்டாம்" என்றார்.

"மணி ரெண்டுகூட ஆகலையே, சார்ஜென்ட்" என்றான் யானை.

"வயித்துக்கு மணி பாக்கத் தெரியுமா? போ."

எல்லோரும் போனார்கள். வேலை நேரத்தில் ஸ்டோரை விட்டுப் போகக்கூடாது என்பதால் நான் இருந்தேன்.

அவர் ஒரு முக்காலியை இழுத்து அவனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "இப்ப சொல்லு. முழுசா சொல்லு."

அவன் சொன்னான். குழந்தையை இன்னும் பார்க்கவில்லை. பத்தையும் பிரித்து மறுபடி மடித்தால் ராத்திரி ஒன்பது தாண்டிவிடும். நாளை மறுநாள்தான் அடுத்த பஸ். செய்யாத தப்புக்குத் தண்டனை. சொன்னதையே மூன்று விதமாகச் சொன்னான். அவர் குறுக்கிடவே இல்லை. நானாக இருந்தால் பாதியில் அழுதிருப்பேன், அல்லது அவனைப் போகச் சொல்லியிருப்பேன்.

"பேர் வச்சாச்சா?"

"இன்னும் இல்லை."

"சரி. உத்தரவு போட்டாச்சு. அதுல மாத்தம் இல்லை. மூணு மணிக்கு இன்னொரு தடவை சொல்லுவேன். அதுவரைக்கும் நீ மறுத்துட்டேன்னு நான் எடுத்துக்கலை. மெதுவா வேலை பாக்கறேன்னு எடுத்துக்கறேன்."

"மூணு மணிக்கும் இதையேதான் சொல்லுவேன்."

"அதை மூணு மணிக்குச் சொல்லு."

பிறகு என் ஜன்னலுக்கு வந்தார். "உத்தரவு மறுத்ததுக்கு ஒரு படிவம் இருக்குல்ல? அதை டைப் பண்ணி வை. நேரத்தை மட்டும் காலியா விடு."

டைப் செய்தேன். கூடத்தின் எழுத்து வேலையும் நான்தான் பார்த்தேன், அதனால் அவனுடைய கோப்பு என்னிடம்தான் இருந்தது. பழைய முகாமில் இதே போல் ஒரு படிவம் ஏற்கெனவே அதில் ஏறியிருந்தது. இரண்டாவது ஏறினால் படையை விட்டு அனுப்பிவிடுவார்கள். அது சார்ஜென்ட்டுக்கும் தெரியும். தாளை எடுத்துப் படித்து, ஒரு எழுத்துப் பிழையைக் காட்டிவிட்டு, தன் மேசைக்குப் போய்க் கிழிந்த பட்டை ஒன்றைத் தைக்க உட்கார்ந்தார். அவன் தன் மேசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

இரண்டு மணிக்கு மேல் என் மேசைத் தொலைபேசி அடித்தது. கேப்டன். சார்ஜென்ட் வந்து வாங்கினார். கேப்டனின் குரல் எனக்கே கேட்டது.

"கூடத்துல ஏதோ தகராறாமே?"

"தகராறு எல்லாம் இல்லை சார். ஒரு மேசை கொஞ்சம் லேட்."

"காவலுக்கு ரெண்டு பேரை அனுப்பட்டுமா?"

"வேண்டாம் சார். நாளைக்குக் குதிக்கறதுக்கு அறுபது கேட்டீங்க. அறுபது இருக்கும்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா என் பேரை எழுதிக்குங்க சார்."

தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே திரும்பிப் போனார்.

அந்த மணிச் சத்தம்தான் எனக்கு முந்தின நாள் மாலையை நினைவூட்டியது. எல்லோரும் போன பிறகு கிளிப்புகளின் ஸ்பிரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். நான்காம் மேசை வளையத்தில் ஒன்று தளர்ந்திருந்தது. அதைக் கழற்றிக் கழிவுப் பெட்டியில் போட்டேன். புதியது எடுக்க அலமாரிப் பக்கம் போனேன். அப்போது தொலைபேசி அடித்தது. பேசி முடித்துவிட்டு, மறுநாளுக்கான பதிவேட்டில் எட்டு, எட்டு, எட்டு என்று ஆறு வரிசைக்கும் எழுதி மூடினேன். கழிவுப் பெட்டி காலை வண்டியில் போய்விட்டது.

புதியதை மாட்டினேனா? மாட்டவில்லை என்றுதான் தோன்றியது. அலமாரியில் உதிரி கிளிப்புகள் கொட்டிக் கிடந்தன. அவற்றுக்குக் கணக்கு வைத்தவர் யாரும் இல்லை.

பத்து பாராசூட்டையும் எடை போட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தேன். ஒரு கிளிப் நாற்பது கிராம். ஈரக்காற்று அடிக்கும் நாளில் துணி அதைவிட அதிகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஒரு தாளில் கணக்குப் போட்டு, அந்தத் தாளைக் கசக்கினேன். கணக்குப் போட்டதெல்லாம் எழுந்து போய்ச் சொல்லாமல் இருப்பதற்குத்தான். சொன்னால் என் வேலை போகலாம். சொல்லாவிட்டால் அவன் வேலை போகும். மணி இரண்டே முக்கால்.

கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குள் போனேன். ஐந்து மாதத்தில் அந்தப் பக்கம் நான் போனது குறைவு.

"சார்ஜென்ட், தப்பு என் மேல" என்றேன். சொல்ல வேண்டியதை வரிசை மாறாமல் சொல்லி முடித்தேன்.

வக்கீல் மேசையைத் தட்டினான். "கேட்டீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல!"

"கேட்டேன்." அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு என்னிடம் கேட்டார். "மாட்டலைன்னு நிச்சயமா தெரியுமா?"

"மாட்டலைன்னுதான் நினைக்கறேன்."

"நினைக்கறதை விடு. நூத்துக்கு எத்தனை?"

யோசித்தேன். பொய் சொல்ல வரவில்லை. "தொண்ணூத்தஞ்சு."

"நீ வந்து சொன்னது நல்லது. அதுக்கப்புறம் பேசலாம்." அவன் பக்கம் திரும்பினார். "மிச்சம் அஞ்சு இருக்கு. நாளைக்கு அந்த அஞ்சுல யாரு குதிக்கறது? நீ குதிக்கறியா, நான் குதிக்கட்டுமா?"

"என்னைக் குதிக்கச் சொல்லுங்க. என் பத்துல எதை வேணா எடுத்துக்கிட்டுக் குதிக்கறேன்."

"நீ ஒண்ணுல குதிப்ப. மிச்சம் ஒன்பது?"

அவனிடம் எப்போதும் இரண்டு பதில் இருக்கும். அன்று, மடித்து வைத்திருந்த தன் பைகள் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"உன் கையை நான் சந்தேகப்படலை, தம்பி. உன் கை சுத்தம்னு இந்தக் கூடத்துக்கே தெரியும். ஆனா குதிக்கப் போற பசங்களுக்கு உன் கையையும் தெரியாது, இந்தப் பொண்ணோட ஞாபகத்தையும் தெரியாது. பதிவேடு எட்டுன்னு சொல்லுது, வளையம் ஏழுன்னு சொல்லுது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

விடுப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பிரித்துவிட்டால் பஸ்ஸுக்கு விடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவன் அப்போதே பிரித்திருப்பான். நானே சொல்லிவிடலாமே என்று நாக்கு துடித்தது. அவர் சொல்லவில்லை. பேரம் பேசி ஒரு உத்தரவை நிறைவேற்றினால், அடுத்த உத்தரவுக்கும் பேரம் வரும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

தான் சரி என்று தெரிந்த பிறகு கீழ்ப்படிவது எத்தனை கஷ்டம் என்பதை அவன் முகத்தில் பார்த்தேன். மூன்று மணிக்கு நான்கு நிமிடம் இருந்தபோது மடித்த பைகள் இருந்த அலமாரிக்குப் போனான். முதல் பையைத் தூக்கி வந்து மேசையில் வைத்தான். கொஞ்ச நேரம் அதன்மேல் உள்ளங்கையை வைத்திருந்தான். பிறகு பிடியை இழுத்தான். காலையில் நாற்பது நிமிடம் அடுக்கிய துணி, ஒரு நொடியில் பொதபொதவென்று வெளியே சரிந்தது.

கோபத்தில் இழுத்து எறிவான் என்று நினைத்தேன். இல்லை. மடித்த அதே நிதானத்தோடு ஒவ்வொரு மடிப்பாகத் தடவிப் பார்த்தான். இரண்டாவதைத் தூக்கி வரும்போது சார்ஜென்ட் மேசையின் மறுமுனையில் நின்றிருந்தார். துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து உதறினார்கள். மூன்று, நான்கு, ஐந்து. கிளிப் எதுவும் விழவில்லை. பத்தாவதை உதறி முடித்தபோது மூன்றே முக்கால்.

"ஒண்ணும் இல்லை, சார்ஜென்ட்" என்றான். குரலில் வெற்றி இல்லை, களைப்புதான்.

"எல்லாரையும் கூப்பிடு."

வந்தார்கள். கூடம் முழுக்கத் துணி மலையாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு யானை வாய்க்குள்ளேயே விசில் அடித்தான்.

சார்ஜென்ட் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இவன் சொன்னது சரி. நாலாம் மேசைக்கு வந்தது ஏழு கிளிப்தான். பத்துலயும் ஒண்ணும் இல்லை. ஒவ்வொண்ணுக்கும் எண்ணணும்னு விதி இருக்கு. கடைசியில எண்ணினாப் போதும்னு நீங்க பழகினீங்க, நான் பாத்துக்கிட்டு விட்டேன். அதனால அறிக்கையில முதல் பேரு என்னோடது. எண்ணாம கையெழுத்துப் போட்டதுக்கு இவன் பேரு. ஸ்டோர் பேரு மூணாவது. அவங்களாவே வந்து சொன்னாங்கன்னும் எழுதணும்."

ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அடுத்தது. உத்தரவை மூணு மணிக்குள்ள செஞ்சுட்டான். அதனால மறுப்பு இல்லை." படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "ஆனா எல்லார் முன்னாடியும் என்கிட்ட பேசின பேச்சு இருக்கு. அதுக்கு அஞ்சு நாள் லீவ்ல ஒரு நாள் போச்சு. வக்கீல் ஏதாவது வாதாடணுமா?"

அவன் நிமிர்ந்து நின்றான். "இல்லை, சார்ஜென்ட். பேசினது தப்புதான். மன்னிச்சுக்குங்க."

"சரி. பஸ் எத்தனை மணிக்கு?"

"நாலரைக்கு."

"அப்ப இங்க என்ன பண்ணிக்கிட்டிருக்க?"

அவன் துணி மலையைப் பார்த்தான். "இதெல்லாம்..."

"இதெல்லாம் மடிக்கத் தெரிஞ்ச ஆளு இங்க இன்னும் இருக்காங்க. நாலாம் நாள் ராத்திரி உள்ள இருக்கணும். அஞ்சாம் நாள் காலையில வந்தேன்னு வை, அப்புறம் நிஜமாவே மாமியாரைப் பாப்ப."

முதலில் யானைதான் சிரித்தான். பிறகு எல்லோரும். வக்கீல் ஓடினான். கதவருகே நின்று திரும்பி விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு மறுபடி ஓடினான்.

எனக்கு வேலை போகவில்லை. நிரந்தரமாவது மூன்று மாதம் தள்ளிப் போயிற்று. அது நியாயம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அன்று அதைப் பற்றி யோசிக்க நேரம் இல்லை. சார்ஜென்ட் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் ஜன்னல் முன் நின்றார்.

"நாலாம் மேசை. எனக்கு."

அலமாரியிலிருந்து ஒரு புதிய கிளிப்பை எடுத்து வளையத்தில் மாட்டி நீட்டினேன்.

"எண்ணு."

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"எனக்குக் கேக்குது. அங்க யானைக்குக் கேக்கணும்."

முதலிலிருந்து ஆரம்பித்தேன்.